பழைய வீட்டு அலமாரிக்கு ஜோடித் தட்டும் பிராக்கெட்டும் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய வீட்டின் சுவரில் ஐந்து தட்டுகள் இருக்கும். மூன்று அசல். ஒன்று யாரோ எப்போதோ மாட்டிவிட்டுப் போன ஒட்டுப்பலகை. ஐந்தாவது இடத்தில் பலகையும் இல்லை, பிராக்கெட்டும் இல்லை, பெயிண்ட் அடைத்த நாலு ஓட்டைகள் மட்டும். அந்த ஒரு இடத்தை நிரப்பத்தான் நாம் கிளம்புகிறோம், போனில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு, "இதே மாதிரி இருக்கா?" என்று கேட்டபடி.

நானும் அப்படித்தான் கிளம்பினேன். மூன்று மாதம் அலைந்து கிடைத்ததெல்லாம் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. சாயல் உண்டு, முகம் வேறு. தேடப் போகும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை நான் செய்யவில்லை. எது அச்சாகப் பொருந்த வேண்டும், எது சுமாராகப் பொருந்தினால் போதும் என்று பிரித்துக்கொள்வதுதான் அந்த வேலை. அதைச் செய்த பிறகு மீதி வேகமாக நடந்தது.

இருப்பது எந்த வகை?

பழைய வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகை தென்படும்.

முதல் வகை, சுவரில் நேராகத் திருகிய பிராக்கெட். வார்ப்பிரும்பில் கொடி, சுருள், பூ வேலையோடு இருக்கலாம். கொல்லர் அடித்த இரும்புப் பட்டையாக இருக்கலாம். தகட்டை அச்சில் அழுத்தி எடுத்ததாகவோ கடைந்த மரமாகவோ இருக்கலாம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

இரண்டாவது, சுவரில் செங்குத்தாக ஓடும் துளைப்பட்டையும் அதில் கொக்கி போட்டு மாட்டும் கைகளும். இதில் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், துளைகளின் நீளம், அவற்றுக்கு இடையிலான தூரம், ஒற்றை வரிசையா இரட்டை வரிசையா, கொக்கி நாக்கின் தடிமன் என்று ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு கணக்கு. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் கை உள்ளே போகாது, அல்லது போய்த் தொங்கும். பழைய கை ஒன்றைக் கையோடு எடுத்துப்போகாமல் வாங்காதீர்கள். சில வடிவமைப்புகளுக்கு மட்டும் இந்தக் கவலை குறைவு. 1949-இல் சுவீடனில் நிஸ்ஸே ஸ்ட்ரின்னிங் வடிவமைத்த ஸ்ட்ரிங் அலமாரியும், 1960-இல் டீட்டர் ராம்ஸ் வடிவமைத்த 606 அலமாரியும் இன்றும் தயாரிப்பில் இருக்கின்றன. உங்கள் சுவரில் இருப்பது அவற்றில் ஒன்று என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

மூன்றாவது, சுவரோடு கட்டிய அலமாரிக்குள் முளைகளின் மேல் உட்காரும் தட்டு. துளைகள் சரியாக 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக, 5 மி.மீ. விட்டத்தில் இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பரவிய தொழிற்சாலை முறை. அந்த முளை எங்கும் கிடைக்கும். கால் அங்குலத் துளை, அதாவது 6.35 மி.மீ., இன்னொரு வழக்கமான அளவு. பழைய புத்தக அலமாரிகளில் ரம்பப் பல் போல வெட்டிய மரச்சட்டங்கள் நான்கு மூலையிலும் நிற்கும். பல்லுக்குப் பல் குறுக்குச் சட்டம் செருகி அதன்மேல் தட்டை வைப்பார்கள். இதைத் தேடி அலைய வேண்டாம். இருக்கும் சட்டம் ஒன்றைக் காட்டினால் எந்தத் தச்சரும் ஒரே நாளில் வெட்டித் தருவார்.

ஒன்றைக் கழற்றுங்கள், ஆனால் மெதுவாக

போட்டோவை வைத்து எதுவும் பொருத்த முடியாது. அசல் பிராக்கெட் ஒன்றாவது கையில் வேண்டும்.

பல தலைமுறை பெயிண்ட் பிராக்கெட்டையும் சுவரையும் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கும். கூர்மையான கத்தியால் ஓரம் முழுக்கக் கீறிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் காரை அப்பளமாகப் பெயர்ந்து வரும். திருகின் காடிக்குள் இருக்கும் பெயிண்டைச் சுரண்டி எடுங்கள். காடிக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான திருப்புளி வேண்டும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் திருப்பி, அப்புறம் தளர்த்துங்கள், துருப்பிடி விட்டுவிடும். வராவிட்டால் சால்டரிங் அயர்னின் சூட்டை இரண்டு நிமிடம் திருகுத் தலையில் வைத்து, ஆறியதும் முயலுங்கள். சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, நேரே உடையும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு பெயிண்டில் அதைத் தடை செய்ததே 1978-இல்தான். பல நாடுகளில் இன்னும் பிந்தி. உலர்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தீச்சுவாலை காட்டாதீர்கள். சுரண்டுவதானால் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கழற்றியதும் பின்பக்கத்தைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், ஏனென்றால் பிராக்கெட் தன் ஜாதகத்தை முதுகில்தான் எழுதி வைத்திருக்கும். புடைப்பாக வார்த்த எண் இருந்தால் அது வார்ப்படச்சாலையின் அச்சு எண். அதே எண்ணை வைத்துத் தேடினால் சில நேரம் நேராக உடன்பிறப்பையே பிடித்துவிடலாம். பிரிட்டனில் செய்தது என்றால் சாய்சதுர முத்திரை ஒன்று இருக்கலாம். அது 1842 முதல் 1883 வரை இருந்த வடிவமைப்புப் பதிவின் அடையாளம். 1884-இலிருந்து அதற்குப் பதில் வெறும் பதிவு எண் வந்தது. திருகுகளும் கதை சொல்லும். கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் தலை 1930-களில்தான் வந்தது. பழைய பிராக்கெட்டில் அந்தத் திருகு இருந்தால், யாரோ ஒருமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அளவுச் சீட்டு

ஒரு தாளில் பிராக்கெட்டைப் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். அதிலேயே எழுதுங்கள்: சுவரில் பதியும் சுவர்க்கையின் உயரம், பலகையைத் தாங்கும் தட்டுக்கையின் நீளம், இரும்பின் அகலமும் தடிமனும், ஒவ்வொரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையத்துக்கு உள்ள தூரம், திருகுத் தலை உட்காரும் குழியின் விட்டம். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. முடிந்தால் இரண்டு மூன்று அசல்களை அளந்து பாருங்கள். மணல் அச்சில் வார்த்தவை ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் மாறியிருக்கும். அசல்களுக்குள்ளேயே அவ்வளவு வேற்றுமை இருக்கிறது என்றால் புதியதிடம் நீங்கள் அதைவிடக் கறாராக இருக்க வேண்டியதில்லை.

போட்டோ எடுப்பதானால் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள். கிட்ட வைத்து எடுத்தால் நடு உப்பி, ஓரம் சுருங்கித் தெரியும்.

உலோகத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். மஞ்சளாக மின்னுவதில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பில், தடித்து, விளிம்பில் அச்சுக் கோடு தெரிந்து, பின்பக்கம் மணல் போலச் சொரசொரப்பாக இருந்தால் வார்ப்பு. வளைவுகளில் சுத்தியல் தழும்போ, துண்டுகளை அடித்து இணைத்த தடமோ இருந்தால் கொல்லர் வேலை. ஒரே தடிமனில், முதுகு குழிவாக இருந்தால் தகட்டு அச்சு.

கண் எங்கே போகிறது?

இப்போது அறைக்கு வெளியே போய், வாசலில் நின்று அந்தச் சுவரைப் பாருங்கள். தெரிவது நான்குதான்: தட்டின் முன்விளிம்பின் தடிமன், அந்த விளிம்பின் வடிவம், பிராக்கெட்டின் வெளிக்கோடு, ஒட்டுமொத்த நிறம். இந்த நான்கில் விட்டுக்கொடுக்காதீர்கள். பலகையின் பின்பக்கம், கொடி வேலையின் உள் நுணுக்கம், திருகின் மரை, பெயிண்டுக்கு அடியில் என்ன மரம், இதெல்லாம் யாருக்கும் தெரியப் போவதில்லை. பெயிண்ட் அடித்த தட்டு என்றால் உங்கள் வேலை பாதிக்குப் பாதி குறைந்தது.

கண்ணுக்கு நினைவாற்றல் கம்மி. பக்கத்தில் இருப்பதோடுதான் ஒப்பிடும். அடுத்த அறையில் பார்த்ததை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்காது. எனவே ஒரு பிராக்கெட் வாங்கும் முன்பும் வீட்டைச் சுற்றி வாருங்கள். சாமான் அறையில், படிக்கட்டுக்கு அடியில், மாடிப் பொந்தில் அதே அசல்கள் ஒன்றிரண்டு பெயிண்டில் புதைந்து கிடக்கலாம். அவற்றைக் கழற்றி முன்னறைச் சுவருக்குக் கொண்டு வாருங்கள், புதியவற்றைச் சாமான் அறைக்கு அனுப்புங்கள். மூன்று மாதம் அலைந்த நான், கடைசியில் துணி துவைக்கும் இடத்தில் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தேன். தினமும் அதன்மேல் சோப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

தேடும் இடமும் வாங்கும் விதமும்

வீட்டுக்குள் கிடைக்கவில்லை என்றால், இடித்த வீட்டுச் சாமான் விற்பவர்கள், பழைய இரும்புக் கடைகள், பழம்பொருள் ஏலங்கள், இணையச் சந்தைகள். உங்கள் வீடு கட்டிய காலத்திலேயே அதே பகுதியில் கட்டிய வீடுகளில் அதே பிராக்கெட் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அக்கம்பக்கத்தில் யாராவது வீட்டை மாற்றிக் கட்டினால் போய் விசாரியுங்கள். இணையத்தில் தேடும்போது 'பழைய பிராக்கெட்' என்று தேடினால் கடல். அச்சு எண், உலோகம், கொடியா சுருளா, இரண்டு கைகளின் அளவு என்று தேடுங்கள். விற்பவரிடம் துளைகளின் மையத் தூரத்தைக் கேளுங்கள். அந்த ஒரு எண் பொருந்தாவிட்டால் சுவரில் புது ஓட்டை போட வேண்டியிருக்கும்.

வார்ப்பிரும்பைப் பானை வாங்குவது போலத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு நூலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். கணீர் என்று நின்று ஒலித்தால் நல்லது; சொத்தென்று அடங்கினால் பெயிண்டுக்குள் விரிசல் ஒளிந்திருக்கிறது. தேவைக்கு மேல் ஒன்று வாங்கி வையுங்கள். இரண்டு வேண்டும்போது ஒன்றுதான் கிடைக்கிறது என்றால், தனியாகப் பார்த்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதே மேல். அதற்கு ஜோடி தேடும் வேலை புதிதாகத் தொடங்கிவிடும்.

கிடைக்காவிட்டால் வார்த்தெடுப்பது

அசலை அச்சாகக் கொடுத்தால் வார்ப்படச்சாலையில் புதிதாக வார்த்துத் தருவார்கள். நான் அப்படி வாங்கிய முதல் ஜோடி, அசலுக்குப் பக்கத்தில் வைத்தபோது 2 மி.மீ. சிறியதாக இருந்தது. துளைகள் பொருந்தவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, இரும்பின் குணம் அது. உருகிய வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும், 200 மி.மீ. பிராக்கெட்டுக்கு 2 மி.மீ. பித்தளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். இதற்காகவே வார்ப்புக்கான மர அச்சு செய்பவர்கள், சுருக்கத்தைச் சேர்த்துக் கோடு போட்ட தனி அளவுகோலை வைத்திருப்பார்கள். நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

வழிகள் இரண்டு. ஒன்று, அசலை ஸ்கேன் செய்து 101 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முப்பரிமாண அச்சில் எடுத்து அதை வார்ப்பு அச்சாகக் கொடுப்பது. இரண்டு, அசலையே அச்சாகக் கொடுத்து, துளைகளை மட்டும் போடாமல் வாங்கி, அசலின் தூரத்தை அளந்து நீங்களே துளைப்பது. 2 மி.மீ. உயர வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, துளை பொருந்தாவிட்டால்தான் கஷ்டம். செலவும் பார்த்தால் இரண்டாவதே எனக்குச் சரி என்று படுகிறது.

அலுமினியத்தில் வார்த்த நகல்களும் உண்டு. கறுப்பு அடித்தால் வித்தியாசம் தெரியாது. பூச்சாடி வைக்கச் சரி, புத்தகத்துக்கு நான் நம்பமாட்டேன். உடைந்த அசலை ஒட்டவைக்க நினைத்தால், சாதாரண வெல்டிங் பக்கத்திலேயே புது விரிசல் விட்டுவிடும். பித்தளைப் பற்றவைப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். பட்டை வேலைப் பிராக்கெட் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீங்கள் வரைந்த தாளைக் கொடுத்தாலே கொல்லர் வளைத்துத் தருவார்.

பலகை

இன்று 'ஒரு அங்குலப் பலகை' என்று விற்பது பெரும்பாலும் இழைத்தபின் 19 மி.மீ.தான் நிற்கும். பழைய தட்டு 22 அல்லது 25 மி.மீ. இருக்கலாம். அந்த 3 அல்லது 6 மி.மீ. வித்தியாசம் முன்விளிம்பில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தடித்த பலகை வாங்கி அளவுக்கு இழைக்கச் சொல்லுங்கள். மெல்லிய பலகைக்கு முன்னால் தடித்த சட்டம் ஒட்டி ஏமாற்றலாம். கீழிருந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும் தட்டுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

தடிமன் அழகுக்கு மட்டுமல்ல. பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும்: 19-இலிருந்து 25 மி.மீ.க்குப் போனால் இரண்டு மடங்குக்கு மேல். நீளம் அதற்கு நேரெதிர். பரவலாக ஒரே சீரான சுமை வைத்தால், பிராக்கெட்டுகளுக்கு இடையிலான தூரம் இரட்டிப்பாகும்போது தொய்வு 16 மடங்காகும். புத்தகங்கள் மீட்டருக்குச் சுமார் 30 கிலோ வரும். 19 மி.மீ. கெட்டி மரத்துக்கு 80 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மரத்தூள் பலகைக்கு 60-ஐயே தாண்ட வேண்டாம். பழைய தட்டு நூறு வருடம் தொய்யாமல் நின்றது என்றால், அது வைரம் பாய்ந்த, நெருக்கமான ரேகையுள்ள கட்டை என்பதும் ஒரு காரணம். அதே இடைவெளியில் இன்றைய இளமரத்தை வைத்துவிட்டு அதே உழைப்பை எதிர்பார்க்க முடியாது.

விளிம்பின் வடிவத்தை எடுக்க, ஊசிகள் வரிசையாக நகரும் விளிம்பு அளவி ஒன்று உண்டு. விலை குறைந்த கருவி. அதை அழுத்தி எடுத்த கோட்டைத் தாளில் வரைந்து தச்சரிடம் கொடுங்கள். பெயிண்ட் ஏறிய விளிம்பில் அளவெடுத்தால் வடிவம் மழுங்கி வரும். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சாண் சுரண்டிவிட்டு எடுங்கள்.

நிறம்

பெயிண்ட் இல்லாத தட்டு என்றால், பொறுமையைக் கேட்கும் இடம் இதுதான். முதலில் பழைய பூச்சு என்னவென்று பாருங்கள். மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அரக்குப் பாலிஷ். அது கரையாமல் லாக்கர் தின்னருக்கு மட்டும் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரிதேன். அதே பூச்சைப் புதியதற்கும் போட்டால்தான் மினுமினுப்பு ஒத்துப்போகும்.

மரங்கள் ஒரே மாதிரி வயதாவதில்லை. செர்ரி மரம் வெளிச்சத்தில் கறுக்கும், வால்நட் வெளிறும். எனவே பழைய தட்டில் பிராக்கெட் மறைத்திருந்த இடத்தின் நிறத்தைப் பார்த்து மரம் எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். சாயத்தை வெளியில் தெரியும் நிறத்துக்குப் பொருத்துங்கள். புதிய தட்டின் வெட்டுத்துண்டிலேயே மூன்று நான்கு சாயம் போட்டு, மேல்பூச்சும் பூசி, அதே சுவரில் சாய்த்து வைத்துப் பகலிலும் விளக்கொளியிலும் பாருங்கள். பகலில் இரட்டையர் போல இருப்பது இரவில் மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் கொஞ்சம் வெளிறியதையே எடுங்கள். இன்னொரு கை பூசிக் கறுப்பாக்கலாம், வெளுக்க வைப்பது பெரும்பாடு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

சுவரில் மாட்டும்போது

கையால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒலித்தால் செங்கல் அல்லது கல். வெற்றொலி வந்தால் மரச்சிம்புகளின் மேல் பூசிய காரை. இரண்டாவதில், உள்ளே நிற்கும் மரத்தூணில்தான் திருகு ஏற வேண்டும். மின்னணுக் கருவிகள் சிம்புச் சுவரில் குழம்பிவிடும்; நூலில் கட்டிய காந்தம் சிம்பு அடித்த ஆணிகளைக் காட்டிக்கொடுக்கும். ஆணிகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் வந்தால் அங்கே தூண். சுண்ணாம்புச் சாந்து வைத்த செங்கல் சுவரில், இணைப்புச் சாந்தில் அல்லாமல் செங்கல்லின் நடுவில் துளையுங்கள், துளைக்கும் கருவியின் சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு. பழைய ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தால் மரமுளை அடித்து அதில் திருகுங்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் ஓடும்.

பிராக்கெட்டின் நீளமான கை சுவரில் இருக்கட்டும். கணக்கு எளிது: 25 செ.மீ. ஆழத் தட்டில், ஒரு பிராக்கெட்டின் மேல் 20 கிலோ என்று வையுங்கள். சுவர்க்கை 10 செ.மீ. என்றால் மேல்திருகைச் சுமார் 25 கிலோ வெளியே இழுக்கும், 20 செ.மீ. என்றால் அதில் பாதிதான். தட்டுக்கை பலகையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது.

அப்புறம் ரசமட்டம். பழைய வீட்டில் தரை ஒரு பக்கம், உத்தரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அசல் தட்டுகளும் கூடவே சாய்ந்திருக்கலாம். புதிய தட்டை மட்டும் ரசமட்டத்துக்கு வைத்தால், அதுதான் கோணலாகத் தெரியும். சாய்வு சிறிது என்றால் நான் பக்கத்துத் தட்டைத்தான் பின்பற்றுவேன். உருண்டோடும் அளவு என்றால் எல்லாவற்றையும் கழற்றி மாட்டத்தான் வேண்டும். சுவர் மேடும் பள்ளமுமாக இருந்தால், பலகையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒரு சிறு கட்டையோடு பென்சிலை நகர்த்தி அதே நெளிவைப் பலகையின் பின்விளிம்பில் வரைந்து இழைத்துவிடுங்கள்.

திருகு மட்டும் காடித் தலையாகவே இருக்கட்டும். பித்தளைத் திருகு என்றால், முதலில் அதே அளவு இரும்புத் திருகை ஏற்றி வழி செய்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தலை முறிந்து கையோடு வரும். புதிதாகச் செய்த பிராக்கெட்டின் முதுகில் வருடத்தைக் கொத்திவிட்டு மாட்டுங்கள். அடுத்து கழற்றப் போகிறவரும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு மாதம் சுமை ஏற்றிய பிறகு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது மரம் காய்ந்து கால் சுற்றாவது இடம் விட்டிருக்கும்.